படித்த தங்கை ஒரு குழுவுக்குள் போய்விட்டாள், எப்படி வெளியே கொண்டுவருவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கை நன்றாகப் படித்தவர், நல்ல வேலையில் இருந்தவர். இரண்டு வருடம் முன்பு ஒரு தியான வகுப்புக்குப் போக ஆரம்பித்தார், அப்புறம் வார இறுதி முகாம், அப்புறம் முழுநேரத் தொண்டு, இப்போது வேலையை விட்டுவிட்டு அவர்களோடேயே தங்கிவிட்டார். வீட்டில் யார் என்ன பேசினாலும் மனப்பாடம் செய்த மாதிரி ஒரே பதில். இவ்வளவு விவரமான பெண் எப்படி ஏமாந்தாள், இது மூளைச்சலவைதானா, நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்துவிடலாமா என்று அண்ணன் கேட்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. தூக்கிக்கொண்டு வராதீர்கள். 1970களில் அமெரிக்காவில் டெட் பேட்ரிக் என்பவர் இதையே தொழிலாகச் செய்தார். பெற்றோர் பணம் கொடுப்பார்கள், வளர்ந்த பிள்ளையை வழியில் மடக்கி வண்டியில் ஏற்றி, ஓர் அறையில் நாள்கணக்கில் வைத்து, நம்பிக்கை உடையும்வரை பேசுவார்கள். சிலர் மனம் மாறினார்கள், உண்மைதான். சிலர் தப்பித்து நேராகக் குழுவுக்கே ஓடினார்கள். பேட்ரிக் ஆள்கடத்தல் வழக்குகளில் தண்டனை வாங்கிச் சிறைக்குப் போனார். சட்டத்தை விடுங்கள், மனசு சார்ந்து பார்த்தாலும் இது தப்பு. ஒருவர் தலையில் இருப்பதை இன்னொருவர் பலவந்தமாக மாற்றலாம் என்றுதானே அந்தக் குழுவும் நினைக்கிறது? "உன் குடும்பம் உன்னை அடைத்து வைக்கப் பார்க்கும்" என்று அவர்கள் ஏற்கெனவே உங்கள் தங்கையிடம் சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் போய்த் தூக்கினால் அவர்கள் சொன்னது உண்மை என்று நீங்களே நிரூபித்ததாக ஆகும்.

சரி, விவரமானவர் எப்படிச் சிக்கினார்? இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: இப்படிப்பட்ட குழுவில் சேருகிறவர்கள் புத்தி மட்டானவர்கள், அல்லது மனநிலை சரியில்லாதவர்கள் என்பது. ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்ற குழு 1984இல் ஒரு சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கியது. 1995 மார்ச் 20ஆம் தேதி காலை, அதே குழுவைச் சேர்ந்தவர்கள் டோக்கியோ சுரங்க ரயில்கள் ஐந்தில் சாரின் நச்சு வாயுவை விட்டார்கள். பதின்மூன்று பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த வாயுவைத் தயாரித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர்கள். ரயிலில் பையைக் குத்திக் கிழித்தவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர், எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கை. படிப்பு இதில் பெரிய பாதுகாப்பு கிடையாது. சொல்லப்போனால் புத்திசாலிக்குக் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு, ஒரு முடிவை எடுத்த பிறகு அதை நியாயப்படுத்த அவரால் மற்றவர்களைவிட நல்ல காரணங்களைக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு மோசமான குழுவில் சேரலாம் என்று யாரும் கிளம்பிப் போவதில்லை. ஜிம் ஜோன்ஸின் 'மக்கள் ஆலயம்' என்ற சபையை உலகம் ஒரே ஒரு நாளுக்காக ஞாபகம் வைத்திருக்கிறது: 1978 நவம்பர் 18, தென்னமெரிக்காவில் கயானா காட்டுக்குள் இருந்த ஜோன்ஸ்டவுன், அங்கும் அதற்கு வெளியிலுமாக மொத்தம் 918 சாவு, அதில் முந்நூறுக்கும் மேல் குழந்தைகள். ஆனால் அந்தச் சபை 1950களின் நடுவில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கியபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தேவாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதே அபூர்வமான காலம் அது. அங்கே அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள், முதியோரைப் பார்த்துக்கொண்டார்கள். நீதி வேண்டும் என்று ஏங்கியவர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களுடைய சிறந்த குணமே அவர்களை உள்ளே கொண்டுபோனது.

அந்தக் கடைசி நாளைப் பற்றி, "சொன்னதும் எல்லோரும் வரிசையில் நின்று விஷத்தைக் குடித்தார்கள்" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். கைக்குழந்தைகள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சுற்றி ஆயுதத்தோடு காவலர்கள் நின்றார்கள், பாஸ்போர்ட்டுகள் முன்பே பிடுங்கப்பட்டிருந்தன, சுற்றிலும் காடு. அதற்கு முன் பலமுறை நடுராத்திரியில் எழுப்பி, கூடச் சாகத் தயாரா என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். அன்று நிசமா ஒத்திகையா என்றுகூடப் பலருக்குத் தொடக்கத்தில் புரிந்திருக்காது. கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து நின்று, இந்தக் குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் என்று வாதாடினார். அது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது, கூட்டத்தினரே கத்தி அவரை அடக்குவதும் அதில் கேட்கிறது. அவரைப்போல இன்னும் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கீழே இதற்குத் திரும்ப வருகிறேன், உங்கள் தங்கை விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது அதில்தான் இருக்கிறது.

அடுத்து, மூளைச்சலவையா? இந்தப் பேச்சு கொரியப் போர் முடிந்தபோது பெரிதானது. போர்க்கைதிகளாகப் பிடிபட்ட அமெரிக்கர்களில் 21 பேர் விடுதலை ஆனபின் நாடு திரும்ப மாட்டோம் என்றார்கள், அமெரிக்காவே ஆடிப்போனது, மனிதனின் மூளையைக் கழுவி வேறு நினைப்பை ஏற்றும் ரகசிய உத்தி ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள். அப்படி ஒரு மந்திரம் இல்லை. பிரிட்டனில் ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியலாளர் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற குழுவின் பயிற்சி முகாம்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1979இல் லண்டன் வட்டாரத்தில் அந்த முகாம்களுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு வருடத்துக்குள் தாமாகவே விலகிவிட்டார்கள், யாரும் போய்த் தூக்கவில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தாமாக வெளியே வருவதுதான் அதிகம் நடப்பது.

ஆனால் மந்திரம் இல்லை என்பதால் "அவளாகத்தானே போனாள்" என்று கை கழுவிவிடவும் முடியாது. முறை இருக்கிறது, மிகப் பழைய முறை. ஆல்பர்ட் பிடர்மேன் என்ற ஆய்வாளர் கொரியாவிலிருந்து திரும்பிய விமானப்படைக் கைதிகளைப் பேட்டி கண்டு, அவர்களைப் பணியவைக்க என்னென்ன செய்யப்பட்டது என்று 1957இல் எழுதினார். அடிதடி அவர் பட்டியலில் முக்கிய இடத்தில் இல்லை. ஆளைத் தனிமைப்படுத்துவது, அவர் கவனம் வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொள்வது, தூக்கமும் தெம்பும் குறைந்து உடல் எப்போதும் ஓய்ந்தே இருக்கும்படி வைப்பது, மிரட்டுவது, நடுநடுவே எதிர்பாராத சின்னச் சலுகை காட்டுவது, எல்லாம் தங்கள் கையில்தான் என்று உணர்த்துவது, அவமானப்படுத்துவது, அர்த்தமே இல்லாத அற்ப விதிகளை ஓயாமல் கடைப்பிடிக்கவைப்பது, இவ்வளவுதான். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் இதை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைச் சொன்னார்: சிறைமுகாமில் இருந்தவர்கள், இத்தகைய குழுக்களில் இருந்தவர்கள், கணவனிடம் வருடக்கணக்கில் வதைபட்ட பெண்கள், மூன்று பேரும் சொல்லும் கதை ஒன்றுபோலவே இருக்கிறது.

அதனால்தான் ஒரு வீட்டுக்குள் இரண்டே பேரிடையே நடப்பதும் இதே விஷயம் என்கிறேன். போனைச் சோதிப்பது, பணத்தைப் பிடித்துவைப்பது, யாரிடம் பேசலாம், என்ன உடுத்தலாம், எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று விதி போடுவது, மறுநாள் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்பது. ஈவன் ஸ்டார்க் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் சொல்லி வந்தது இதைத்தான், ஒரு தனி அடியை எண்ணிக் கணக்கு வைக்காதீர்கள், அந்தப் பெண்ணின் சுதந்திரம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதைத் தனிக் குற்றமாக்கியது, ஐந்து வருடம்வரை சிறை. அது துணைவர், குடும்பத்தினர் இடையே நடப்பதற்கு மட்டும்தான். குழுக்களுக்குப் பொருந்தாது, அது பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். பிரான்சில் 2001இல் வந்த சட்டம் குழுக்களையும் தொடுகிறது, ஒருவரை மனரீதியாக அடிமையாக்கி அவருடைய பலவீனத்தைச் சுரண்டுவது அங்கே குற்றம்.

இப்போது உங்கள் தங்கைக்கு வருவோம். தியான வகுப்பிலிருந்து வேலையை விடுவதுவரை ஒரே தாவலில் போயிருக்க மாட்டார். 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் வீடுவீடாகப் போய், முன்முற்றத்தில் 'கவனமாக ஓட்டுங்கள்' என்று ஒரு பெரிய, அசிங்கமான பலகை வைக்க அனுமதி கேட்டார்கள். நேராகக் கேட்டபோது 17 விழுக்காட்டினர்தான் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்பே அதே விஷயத்துக்காக ஒரு சின்ன ஒட்டியை வைக்கச் சம்மதித்திருந்தவர்களில் 76 விழுக்காட்டினர் சரி என்றார்கள். ஒரு பலகைக்கே இப்படி. ஒரு மணிநேர வகுப்பு, ஒரு நாள் முகாம், ஒரு வாரத் தொண்டு, கொஞ்சம் பணம், ஒரு ரகசியம் என்று போகும்போது ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட ஒரு துளிதான் பெரிது, அதனால் எந்த இடத்திலும் "இது அதிகம்" என்று நிற்கத் தோன்றாது. ரகசியம் என்றேனே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல குழுக்களில் மனதைச் சுத்தப்படுத்துகிறோம் என்ற பெயரில் வாழ்க்கையின் வெட்கமான பக்கங்களைச் சொல்லவைப்பார்கள், அல்லது எழுதித் தரச் சொல்வார்கள். சொன்ன அன்றைக்கு மனபாரம் இறங்கிய மாதிரி நிம்மதியாக இருக்கும். பிறகு அதுவே கயிறாகிவிடும். அமெரிக்காவில் சுயமுன்னேற்ற வகுப்புகள் நடத்திய நெக்ஸியம் என்ற அமைப்பில், உள்வட்டத்தில் சேரும் பெண்களிடம் அந்தரங்கப் படங்களையும் தங்களையே கெடுக்கும் வாக்குமூலங்களையும் பிணையாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள், அப்புறம் உடலில் சூடு போட்டார்கள். அதன் தலைவர் கீத் ரனியரிக்கு 2020இல் 120 வருடச் சிறை விதிக்கப்பட்டது. அவரை நம்பியவர்களில் நடிகைகளும் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். உங்கள் தங்கை எதையாவது எழுதிக் கொடுத்திருக்கக்கூடும், அதைச் சொல்ல முடியாமல் இருக்கக்கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள், எது வெளியே வந்தாலும் வீட்டில் யாரும் அவரை வெறுக்க மாட்டார்கள் என்பது அவருக்கு எப்படியாவது தெரிய வேண்டும்.

உள்ளே போன பிறகு ஏன் வெளியே வர முடிவதில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். நான் படித்த விளக்கங்களிலேயே எனக்கு மிகச் சரியாகப் படுவது அலெக்ஸாண்ட்ரா ஸ்டைன் என்ற சமூக உளவியலாளர் சொன்னது, அவரே இளம் வயதில் ஓர் இடதுசாரி ரகசியக் குழுவில் பத்து வருடம் போல இருந்து மீண்டவர். குழந்தை பயந்தால் தாயிடம் ஓடும், தாய் அணைத்தால் பயம் அடங்கும், மறுபடி விளையாடப் போகும். மனித மனம் அப்படித்தான் அமைந்திருக்கிறது, வளர்ந்த பிறகும் மாறுவதில்லை, பயம் வந்தால் நெருக்கமானவரைத் தேடுவோம். ஆனால் பயத்தைத் தருகிறவரும் ஆறுதலைத் தருகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்? ஓட வேண்டும் என்று ஒரு பாதி மனம் சொல்லும், ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று மறுபாதி சொல்லும். இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது யோசிக்கும் திறன் மரத்துப்போகிறது. தலைவர் திட்டுகிறார், தூக்கம் கெடுகிறது, உலகம் அழியப்போகிறது என்கிறார்கள், விலகினால் உன் ஆன்மா பாழ் என்கிறார்கள். பயம் ஏறுகிறது. பயத்தில் ஓடிப்போய்ச் சொல்ல வெளியே யாரும் இல்லை, அம்மா அப்பா அண்ணன் தோழிகள் எல்லோரையும் ஏற்கெனவே ஒவ்வொருவராக நறுக்கியாகிவிட்டது. ஆக அதே தலைவரிடமே போக வேண்டும், அவர் தலையில் கை வைத்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால் உயிர் வந்த மாதிரி இருக்கிறது. அந்த நிம்மதியைத்தான் உள்ளே இருப்பவர்கள் பக்தி என்றும் அன்பு என்றும் கொள்கை என்றும் உணர்கிறார்கள். அது பொய்யான உணர்வும் இல்லை, நிசமாகவே உணர்கிறார்கள்.

வன்முறைக் குழுக்களிலும் அடித்தளம் இதுதான். ஒருவர் கொள்கையைப் படித்து, ஒத்துக்கொண்டு, பிறகு ஆயுதம் எடுக்கிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். மார்க் சேஜ்மன் என்ற மனநல மருத்துவர் பன்னாட்டுப் பயங்கரவாத வலைகளில் இருந்த 172 பேரின் வாழ்க்கையைத் திரட்டி 2004இல் வெளியிட்டபோது, பெரும்பாலோர் நண்பர் வழியாகவோ சொந்தக்காரர் வழியாகவோ உள்ளே போயிருந்தார்கள் என்று தெரிந்தது. முதலில் சிநேகம், சேர்ந்து இருக்கும் சந்தோஷம், நானும் முக்கியமானவன் என்ற நினைப்பு. கொள்கை அதற்குப் பின்னால் இறுகுகிறது.

இதிலிருந்து வரும் முடிவு ஒன்று உண்டு: கொள்கையோடு மோதாதீர்கள். குருவின் பழைய வழக்குகள், அவர் சொன்ன பொய்கள், இணையத்தில் வந்த கட்டுரைகள், எல்லாவற்றையும் அச்செடுத்துத் தங்கையின் முன்னால் விரிக்க வேண்டும் என்றுதான் தோன்றும், எல்லாக் குடும்பமும் அதைத்தான் முதலில் செய்கிறது. 'சொர்க்க வாசல்' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் அமெரிக்கக் குழுவில், விண்கலம் வந்து நம்மை உயிரோடு, உடலோடு ஏற்றிக்கொண்டு போகும் என்று மார்ஷல் ஆப்பிள்வைட்டும் பானி நெட்டில்ஸும் போதித்தார்கள். 1985இல் நெட்டில்ஸ் புற்றுநோயால் செத்துப்போனார். அதோடு கலைந்திருக்க வேண்டும், இல்லையா? உடல் வெறும் வாகனம்தான், அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று போதனையையே திருப்பிவிட்டார்கள். 1997 மார்ச்சில் 39 பேர் சேர்ந்து தற்கொலை செய்துகொண்டார்கள். ஆதாரம் கையில் இருப்பதால் மட்டும் யாரும் வெளியே வருவதில்லை, வெளியே வந்தால் நிற்க ஓர் இடமும் வேண்டும். வேலை, சேமிப்பு, தோழிகள், பத்து வருட நம்பிக்கை எல்லாவற்றையும் இதற்காகக் கொடுத்துவிட்டேன், இது பொய் என்றால் நான் யார் என்ற கேள்வியைத் தனியாகத் தாங்க யாராலும் முடியாது.

அந்த இடம் நீங்கள்தான். சாலமன் ஆஷ் 1950களில் செய்த பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோட்டின் நீளம் எதற்குச் சமம் என்று கேட்பார்கள், அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துத் தப்பான பதிலைச் சொல்வார்கள், உண்மையில் சோதிக்கப்படுகிறவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். இதை எல்லோரும் சொல்வார்கள். இதே பரிசோதனையின் அடுத்த பாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை: அந்த அறையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், பணிந்துபோவது சுமார் 5 விழுக்காட்டுக்கு விழுந்துவிட்டது. ஒரே ஒருவர். அவர் வாதாடவில்லை, மற்றவர்களை எதிர்த்துப் பேசவில்லை, தன் பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். கிறிஸ்டின் மில்லரைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன் என்றது இதற்குத்தான்.

ஆகவே நீங்கள் காப்பாற்ற வேண்டியது உங்களுக்கும் தங்கைக்கும் நடுவே இருக்கும் தொடர்பை. அவர் பேசும் கொள்கைக்குத் தலையாட்ட வேண்டாம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். வாரம் ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள், பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். வீட்டில் நடந்தது, சின்ன வயசு ஞாபகம், ஒரு புகைப்படம். பதில் ஏன் போடவில்லை என்று கேட்காதீர்கள். அந்தச் செய்திகளைக் குழுவில் வேறு யாராவது படிக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே எழுதுங்கள். "நீ வருவதாக இருந்தால் இந்த மாதத்துக்குள் வா, இல்லையென்றால் உறவே முடிந்தது" என்று மட்டும் சொல்லவே கூடாது, அப்பா அம்மா கோபத்தில் சொல்லியிருந்தால் நீங்கள் குறுக்கே வந்து திருத்துங்கள். அவரை வெளியுலகத்திலிருந்து வெட்டும் வேலையை அந்தக் குழு செய்துகொண்டிருக்கிறது, மிச்சத்தைக் குடும்பம் முடித்துக் கொடுக்க வேண்டாம்.

நேரில் பார்க்க வாய்த்தால் கேள்வி கேளுங்கள், ஆனால் மடக்குகிற கேள்வியாக வேண்டாம். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே யார் உனக்கு ரொம்ப நெருக்கம், உனக்கென்று நேரம் கிடைக்கிறதா. அவர் வாயிலிருந்தே ஒரு சலிப்பு வெளியே வரும். யாரோ ஒருவரை நியாயமில்லாமல் திட்டினார்கள், தலைவருக்கு ஒரு சட்டம் மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்பது மாதிரி. அதைக் கேட்டதும் "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே" என்று பாயாதீர்கள். பாய்ந்தால் உடனே குழுவுக்காகப் பரிந்து பேச ஆரம்பித்துவிடுவார், அந்தச் சலிப்பும் உள்ளே போய்விடும். "அது உனக்குக் கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விலகி வந்தவர்களோடு வேலை செய்கிற ஜான் ஹோர்கன் போன்ற ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், வெளியே வருவதும் நம்பிக்கையைக் கைவிடுவதும் வேறு வேறு. பலர் கொள்கை பொய் என்று தெரிந்து வருவதில்லை, அலுத்துப்போய், தலைவரின் இரட்டை வேடம் பொறுக்காமல், சாதாரண வாழ்க்கைக்கு ஏங்கி வருகிறார்கள். நம்பிக்கை அதற்குப் பிறகு மெல்ல உதிரும். நார்வேயில் 1997இலும் ஸ்வீடனில் 1998இலும் தொடங்கி நவநாஜிக் கும்பல்களிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவந்த 'எக்ஸிட்' திட்டங்களும் விவாதத்தைவிட வீடு, வேலை, புது நண்பர்கள் என்ற நடைமுறை விஷயங்களுக்குத்தான் அதிகம் உழைத்தன.

வாதமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வெஸ்ட்போரோ என்ற அமெரிக்கச் சபை, இறந்தவர்களின் சவ அடக்கத்துக்கு வெளியே நின்று வெறுப்பு வாசகங்களைத் தூக்கிப் பிடிப்பதற்குப் பேர்போனது. அதன் நிறுவனருடைய பேத்தி மெகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் 2012இல் வெளியேறினார். ட்விட்டரில் அவரோடு சண்டை போட வந்தவர்களில் சிலர் திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் யார், என்ன படிக்கிறார், எது பிடிக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள், சிநேகமானார்கள், அப்புறம் அவருடைய சபை சொல்வதற்குள்ளேயே இருந்த ஒரு முரண்பாட்டைக் காட்டினார்கள். அது உள்ளே தைத்தது. முதலில் உறவு, பிறகுதான் வாதம், அதுவும் அவர்கள் மதிக்கும் நூலையே வைத்து.

சில காரியங்களில் மட்டும் கறாராக இருங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், வேண்டியதைப் பொருளாக வாங்கிக் கொடுங்கள். பரம்பரைச் சொத்தில் கையெழுத்து, கடனுக்கு ஜாமீன் என்று வந்தால் வக்கீலைப் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள். அவருடைய படிப்புச் சான்றிதழ், அடையாள ஆவணங்களின் நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அவர் சொன்னவற்றையும் நீங்கள் பார்த்தவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், பின்னால் புகார் கொடுக்கும் நிலை வந்தால் அது கைகொடுக்கும். அடி, பாலியல் சுரண்டல், அறையில் பூட்டிவைப்பது, மருந்தை நிறுத்துவது, சிறுபிள்ளைகளுக்கு ஆபத்து, கூட்டாகச் சாவதைப் பற்றிய பேச்சு, இதில் ஏதாவது காதில் விழுந்தால் நான் மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. அன்றே போலீசுக்குப் போங்கள்.

அவர் வந்துவிட்டால், வந்த அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது என்று குடும்பம் நினைத்துவிடும், அவருக்கோ அன்றுதான் தொடங்கும். என்ன உடுத்துவது, எங்கே போவது என்று சின்ன முடிவுகூட எடுக்க வராது, இவ்வளவு நாள் வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயம் திடீரென்று வரும், அங்கே பாடிய ஒரு பாட்டோ அவர்கள் பயன்படுத்திய ஒரு வார்த்தையோ காதில் பட்டால் மறுபடி அங்கேயே நிற்கிற மாதிரி ஆகிவிடும். தான் உள்ளே கூட்டிவந்த ஆட்களை நினைத்துக் குற்ற உணர்வு அரிக்கும். நீண்டகாலம் இன்னொருவர் பிடியில் இருந்தவர்களுக்கு வரும் இந்த வகைப் பாதிப்பை உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் இப்போது தனியாகவே அங்கீகரிக்கிறது, ஆகவே இது நாடகமோ சோம்பலோ இல்லை என்று வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். அவரோடு பழகப்போகும் உளவியல் ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே, குழுக்களிலிருந்தோ வதைக்கும் கணவனிடமிருந்தோ வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள், "உன் சின்ன வயசில் என்ன குறை, ஏன் இதில் போய் விழுந்தாய்" என்று தோண்டத் தொடங்குகிறவர்களிடம் இவர்கள் இன்னும் நொந்துபோவார்கள்.

அவர் அங்கே கழித்த நாட்களைப் பற்றி நல்லதாகவும் சொல்வார், அங்கே கிடைத்த அமைதி, இரவெல்லாம் கூட உட்கார்ந்து பேசிய தோழி என்று. அதைக் கேட்டுப் பதறாதீர்கள், திரும்பிப் போய்விடுவார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தோழி இன்னும் உள்ளே இருக்கலாம். அவருக்கு ஒரு செய்தி அனுப்பலாமா என்று உங்கள் தங்கை கேட்டால், தங்கை இப்போது எங்கே இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்காத வழியாக அது இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, எழுத உட்காரும்போது கூட இருங்கள்.